25 அடி: கலெல்லா – ஒனாஸிஸ் வழக்கும் பாப்பராசி தொழிலும்

பிரபலங்களைத் துரத்திப் படம் எடுக்கும் பாப்பராசிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் சுரங்கப்பாதையில் போய் நின்றுவிடும். டயானா இறந்த அந்த இரவைத் தாண்டிப் பேசுவது எளிதல்ல. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர் காலையில் எழுந்து எங்கே போகிறார், யாருக்குக் காசு கொடுக்கிறார், யாரிடம் காசு வாங்குகிறார், ஒரு படத்துக்காக எப்படிக் காத்துக் கிடக்கிறார் என்பதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் அதற்கும் கால் நூற்றாண்டு முந்தைய ஒரு நியூயார்க் வழக்கைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும். கலெல்லா எதிர் ஒனாஸிஸ்: ஒரு புகைப்படக்காரருக்கும், சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலினுக்கும் நடந்த வழக்கு. 1972இல் ஆறு வாரம் விசாரணை நடந்தது. ஒரு பாப்பராசியின் பிழைப்பு முழுவதும் நீதிமன்றப் பதிவில் ஏறியது.

அந்த வழக்கில் நீதிபதிகள் தூரத்தை அளந்தார்கள். இத்தனை கஜம், இத்தனை அடி என்று கோடு போட்டார்கள். தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது இதுதான்: அந்தப் பெண்ணை நோகடித்ததில் பெரும் பங்கு ஓயாமல் பின்தொடர்ந்த நேரத்துக்கு. அந்தப் புகைப்படக்காரரைத் தெருவிலேயே நிறுத்தி வைத்தது அவர் படங்களை வாங்கிய சந்தை. இந்த இரண்டையும் அளக்க நீதிமன்றத்தின் கையில் கோல் இல்லை.

பூங்காவில் ஒரு சைக்கிள்

1969 செப்டம்பர். நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூவில் ஜாக்குலின் ஒனாஸிஸ் குடியிருந்த கட்டடத்துக்கு எதிரே சென்ட்ரல் பார்க். அவருடைய மகன் ஜான் அங்கே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். வயது எட்டு. ரான் கலெல்லா என்ற புகைப்படக்காரர் அவன் போகும் பாதையில் குதித்து நின்று படம் எடுத்தார். பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறிய, அதிபர் குடும்பங்களுக்குக் காவல் தரும் சீக்ரெட் சர்வீஸ் காவலர்கள் கலெல்லாவைப் பிடித்து விசாரித்தார்கள். அது கைதில் முடிந்தது. பிறகு உள்ளூர் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது.

விஷயம் அங்கேயே ஓய்ந்திருக்கலாம். கலெல்லா விடவில்லை. தன்னைப் பொய்யாகக் கைது செய்தார்கள், தொழில் செய்ய விடாமல் தடுத்தார்கள் என்று காவலர்கள் மீதும் ஜாக்குலின் மீதும் 13 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்குப் பதிலாக ஜாக்குலின் எதிர்வழக்குத் தொடுத்தார். தன் அந்தரங்கத்தில் நுழைந்தார், மன உளைச்சல் கொடுத்தார், விடாமல் தொல்லை செய்தார் என்பது அவருடைய புகார். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இவர் இடைஞ்சலாக இருக்கிறார் என்று அமெரிக்க அரசும் வழக்கில் சேர்ந்துகொண்டது. ஆக, வழக்கைத் தொடங்கியவர் புகைப்படக்காரர்தான். பாப்பராசிகளைக் கட்டுப்படுத்தும் முன்மாதிரித் தீர்ப்பாக இன்று சொல்லப்படுவது, ஒரு பாப்பராசி தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட வழக்கிலிருந்து பிறந்தது.

காவலர்கள் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பதற்குப் பின்னணி உண்டு. ஜாக்குலினின் முதல் கணவர், அதிபர் ஜான் கென்னடி 1963 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி ராபர்ட் 1968 ஜூனில் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜாக்குலின் கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாஸிஸை மணந்துகொண்டார். மறுமணத்தோடு அவருக்கான அரசுப் பாதுகாப்பு போய்விட்டது. பிள்ளைகளுக்கு மட்டும் 16 வயது வரை உண்டு. அந்த வீட்டில் யாராவது புதரிலிருந்து திடீரென்று வெளியே குதித்தால், குதித்தவர் கையில் இருப்பது கேமரா என்று தெரிவதற்கு முன்பே உயிர் ஒரு கணம் நின்று போயிருக்கும். எனக்கு இந்த வழக்கில் மனதை அதிகம் அறுக்கும் இடம் இதுதான்.

ஒரு ஃப்ரீலான்ஸரின் நாள்

கலெல்லா 1931இல் பிராங்க்ஸில் பிறந்தவர். விமானப்படையில் புகைப்படக்காரராக இருந்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸில் முறையாகப் புகைப்படக்கலை படித்தவர். எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. எடுத்த படத்தை வீட்டு இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, பத்திரிகைகளுக்கு விற்றுச் சாப்பிட்டவர்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால்தான் மற்றது புரியும். சம்பளக்காரர் ஒருநாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்பினாலும் மாதச் சம்பளம் வரும். ஃப்ரீலான்ஸருக்கு அந்த நாள் நட்டக் கணக்கு. ஃபிலிம், டாக்சி, ஆள்காட்டிகளுக்குக் கொடுத்தது எல்லாம் கைக்காசு. படம் கிடைத்தாலும் உடனே பணம் இல்லை. விற்க வேண்டும், அதற்கு முகம் பிரபலமாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக அதே படம் வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. கூட்டமாக நின்று எடுத்த படத்துக்கு விலை குறைவு. அதனால் தனியாக, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அந்த ஆள் எதிர்பாராத இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. தொல்லை என்று நீதிமன்றம் பட்டியலிட்ட பலவும் இந்தக் கணக்கிலிருந்து நேரே இறங்கி வந்தவை.

மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடம், உணவகம், இரவு விடுதி என்று எல்லா இடத்திலும் வாசல் காவலாளிகளுக்கு லஞ்சம். குடும்பம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுப் பணிப்பெண்ணோடு காதல் பழக்கம். பிள்ளைகளின் பள்ளிக்குள் நுழைந்தது. மகள் கரோலைன் டென்னிஸ் ஆடும்போது குறுக்கே போனது. ஜாக்குலின் கடலில் நீந்தும்போது மோட்டார் படகை அச்சுறுத்தும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோனது. நாடக அரங்கு வாசலில் அவரைச் சுற்றிக் குதித்துக் குதித்துப் படம் எடுத்தது.

இதில் படகைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் வாசல் காவலாளியைப் பார்க்கச் சொல்வேன். இந்தத் தொழிலின் அச்சாணி அந்த ஆள்தான். கேமராவும் லென்ஸும் யாரிடமும் இருக்கும். “அம்மா கிளம்பிவிட்டார், பூங்காப் பக்கம்” என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அன்றைக்குப் படம். அதே காவலாளிதான் ஜாக்குலினுக்குக் கதவு திறந்துவிட்டு வணக்கம் சொல்பவர். தன் வாசலில் நிற்பவர் யாருக்காக நிற்கிறார் என்று தெரியாமல் ஒரு குடும்பம் வாழ வேண்டியிருந்தது. இதை எந்த அடிக்கணக்கிலும் அடக்க முடியாது.

காற்றில் கலைந்த முடி

1971 அக்டோபர் 7. கலெல்லாவின் பெயரை நிலைக்க வைத்த படம் அன்று எடுக்கப்பட்டது. ஜாக்குலின் மேடிசன் அவென்யூவில் தனியாக நடந்து போகிறார். கலெல்லா டாக்சியில் பின்தொடர்கிறார். டாக்சி ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். ஜாக்குலின் திரும்புகிறார். காற்றில் முடி முகத்தில் விழுந்து கிடக்கிறது, உதட்டில் முழுசாக மலராத சிரிப்பு. கிளிக். கேமரா தன் முகத்தை மறைத்திருந்ததால் வண்டிக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை என்பதே கலெல்லாவின் கணிப்பு. ஆளை அடையாளம் கண்டதும் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்.

கலெல்லாவின் வழக்கமான முறை இதற்கு நேர்மாறு. பல நேரம் வியூஃபைண்டருக்குள் பார்க்க மாட்டார். ஃபோகஸை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, எதிரில் வருபவரின் கண்ணை நேராகப் பார்த்தபடி கிளிக் செய்வார். அப்போதுதான் அந்த முகத்தில் தயாரிப்பில்லாத ஒரு பாவனை வரும். திடுக்கிடல்தான் சரக்கு. ஆனால் அவர் எடுத்த ஜாக்குலின் படங்களிலேயே ஊர் உலகம் கொண்டாடியது, துரத்துபவர் இவர்தான் என்று அவர் உணர்வதற்கு முந்தைய அந்தக் கண்ணிமைப் பொழுது. ஆயுள் முழுக்க ஒருவரை நெருக்கிய மனிதருக்கு, நெருக்கம் தெரியாத கணத்தில்தான் ஆகச் சிறந்த படம் கிடைத்திருக்கிறது.

அதே அக்டோபரிலேயே, அதற்கு முந்தைய சம்பவங்களுக்காக, இடைக்காலத் தடை வந்தது. துன்புறுத்தக் கூடாது, திடுக்கிட வைக்கக் கூடாது, தொடக் கூடாது, வழி மறிக்கக் கூடாது என்று உத்தரவு. அதை மீறினார் என்று இரண்டு மாதத்துக்குள் புகார். டிசம்பரில் உத்தரவு இன்னும் இறுகியது: வீட்டிலிருந்து 100 கஜம், ஆட்களிடமிருந்து 50 கஜம். கண்காணிக்கவும் கூடாது.

150 அடியும் 25 அடியும்

1972 ஜூலையில் நீதிபதி இர்விங் பென் கூப்பர் தீர்ப்புச் சொன்னார். கலெல்லாவின் வழக்கு தள்ளுபடி. ஜாக்குலினையும் பிள்ளைகளையும் பின்தொடரக் கூடாது, கண்காணிக்கக் கூடாது. வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 100 கஜம், பிள்ளைகளிடமிருந்து 75 கஜம், ஜாக்குலினிடமிருந்து 50 கஜம் தள்ளி நிற்க வேண்டும்.

1973 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தளர்த்தியது. செய்தி சேகரிக்கும்போது செய்யும் குற்றங்களுக்கு பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் கேடயமாகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், நியாயமான படப்பிடிப்பையும் தடுத்துவிடக் கூடாது என்றது. ஜாக்குலினிடமிருந்து 25 அடி, பிள்ளைகளிடமிருந்து 30 அடி. தொடுவது, வழி மறிப்பது, உயிருக்கு ஆபத்தாக நடப்பது, தொல்லை தருவது, பயமுறுத்துவது கூடாது. பள்ளிக்கும் விளையாடும் இடத்துக்கும் போகக் கூடாது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் இந்தத் தளர்வை ஏற்கவில்லை.

50 கஜம் என்றால் 150 அடி. அது 25 அடியானதை ஒரு புகைப்படக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரை 150 அடி தூரத்திலிருந்து சாதாரண 50 மிமீ லென்ஸில் எடுத்தால் 35 மிமீ ஃபிலிமில் அவர் உருவம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. முகம் என்று ஒன்று தெரியாது. அதே ஆளை 25 அடியிலிருந்து 135 மிமீ லென்ஸில் எடுத்தால் உருவம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். தலை முதல் கால் வரை படச்சட்டம் நிறையும். இரவென்றால் வித்தியாசம் இன்னும் கொடூரம். தூரம் ஆறு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் 36இல் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஆக முதல் தீர்ப்பு அவரை ஜாக்குலின் விஷயத்தில் வேலையை விட்டே விலக்கியது. இரண்டாவது தீர்ப்பு வேலையைத் திருப்பிக் கொடுத்து, கண்ணோடு கண் பார்த்து மிரட்டி எடுக்கும் அவருடைய பாணியை மட்டும் பறித்தது. பகலில், நடுத்தர லென்ஸோடு, 25 அடியில் நின்று ஒருவர் கௌரவமாகப் படம் எடுக்கலாம். அந்த அளவில் அது யோசித்துப் போட்ட எண் என்றுதான் சொல்வேன்.

ஆனால் எண்ணைக் குறைத்தபோது இன்னொன்றும் சத்தமில்லாமல் காணாமல் போனது. “பின்தொடரக் கூடாது, கண்காணிக்கக் கூடாது” என்று கூப்பர் எழுதிய முதல் வரி. மேல்முறையீட்டு உத்தரவில் தொல்லை தரக் கூடாது என்ற பொதுவான வாசகம் இருக்கிறது. பின்தொடர்தல் என்று தனியாக இல்லை. நான் இதைப் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். காலையில் கதவு திறக்கும்போது ஒருவர் நிற்கிறார், மதியம் உணவகத்துக்கு வெளியே நிற்கிறார், மாலையில் பள்ளி விடும் நேரத்தில் தெருமுனையில் நிற்கிறார். ஒவ்வொரு முறையும் 26 அடி தள்ளித்தான் நிற்கிறார். இப்படி ஒரு வருடம் போனால் பின்தொடரப்படுபவரின் மனநிலை என்னவாக இருக்கும்? ஒரு சந்திப்பை மட்டும் பிரித்து எடுத்துப் பார்த்தால் குற்றம் தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

தூரம் மட்டும் போதாது என்பதற்கு ஜாக்குலின் வாழ்க்கையிலேயே கசப்பான சான்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஒனாஸிஸுக்குச் சொந்தமான ஸ்கார்ப்பியோஸ் தீவில் அவர் நிர்வாணமாக இருந்தபோது வேறொரு புகைப்படக்காரர் தொலைவிலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்துவிட்டார். இத்தாலியப் பத்திரிகையில் வந்த அந்தப் படங்களை 1975 ஆகஸ்ட் இதழில் ஹஸ்ட்லர் என்ற அமெரிக்க ஆபாசப் பத்திரிகை வெளியிட்டது. அதில் யாரும் யாரையும் வழி மறிக்கவில்லை, தொடவில்லை, 25 அடிக்குள் வரவும் இல்லை. நேர்ந்த அவமானமோ சென்ட்ரல் பார்க்கில் நடந்த எதையும்விடப் பெரிது.

கூண்டில் ஏறாதவர்கள்

வழக்கில் புகைப்படக்காரர் இருந்தார், படம் பிடிக்கப்பட்டவர் இருந்தார், காவலர்கள் இருந்தார்கள், அரசு இருந்தது. படங்களை வாங்கி அட்டையில் போட்ட பத்திரிகைகள் வழக்கில் ஒரு தரப்பாக இல்லவே இல்லை. வீட்டு வாசலில் நின்றவருக்குக் காசு வந்தது அங்கிருந்துதானே? வாங்குபவர் “இவர் படம் வாரா வாரம் வேண்டும்” என்று காத்திருக்கும்வரை, தடையாணை ஒரு மனிதரைத்தான் நிறுத்தும். அவர் நின்ற இடத்தில் அடுத்தவர் வந்து நிற்பார். தடையாணை கலெல்லாவின் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், அடி வாங்குவதும் தெருவில் நிற்பவர்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1973 ஜூனில், நியூயார்க் சைனாடவுனில் நடிகர் மார்லன் பிராண்டோ விட்ட குத்தில் கலெல்லாவின் தாடை உடைந்தது, ஐந்து பற்கள் போயின. வழக்குப் போட்டு 40,000 டாலருக்குச் சமரசம் ஆனார். பிறகு பிராண்டோ வந்த ஒரு நிகழ்ச்சிக்கு அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனார். அந்த ஹெல்மெட் படத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பின்னால் நிறுவனம் இல்லாத ஒரு தொழிலாளி தன் பாதுகாப்புக் கவசத்தைத் தானே வாங்கி மாட்டிக்கொண்ட படம் அது. அவர் செய்ததை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பையனின் சைக்கிளுக்குக் குறுக்கே குதித்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் கோபத்தையெல்லாம் அவர் ஒருவர் தலையில் கொட்டிவிட்டு, அவர் படத்தை வாங்கிய பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிய நாம் கையைக் கழுவிக்கொள்வது சரியில்லை.

1982இல் அதே கூப்பர் முன் மறுபடியும் வந்து நின்றார் கலெல்லா. 25 அடி உத்தரவைப் பலமுறை மீறியது உறுதியானது. நீதிமன்ற அவமதிப்புக்குச் சிறை என்ற நிலை. ஜாக்குலினையும் அவர் பிள்ளைகளையும் இனி ஒருபோதும் படம் எடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துத் தப்பினார். பத்து வருடம் அடியை அளந்து பார்த்தபின் முழுத் தடையில்தான் விஷயம் முடிந்தது. பின்னாளில் அவருடைய படங்கள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றன. 2022 ஏப்ரலில், 91 வயதில் இறந்தார்.

விட்டுப்போன வரி

டயானா இறந்த பாரிஸ் வழக்கிலும் இதே சிக்கல் திரும்பியது. புகைப்படக்காரர்கள் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகச் சொன்ன வழக்கு 1999இல் தள்ளுபடியானது. ஓட்டுநர் குடித்திருந்தார். 2006இல் மூவர் அந்தரங்க மீறலுக்காகக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கட்ட வேண்டிய தொகை ஆளுக்கு 1 யூரோ. 2008இல் லண்டன் விசாரணை ஜூரி, ஓட்டுநரோடு பின்தொடர்ந்த வாகனங்களின் கடும் அலட்சியத்தையும் காரணமாகச் சேர்த்தது. அப்போதாவது பின்தொடர்தல் பேச்சுக்கு வந்தது.

சட்டமாக அது வந்தது கலிபோர்னியாவில், கொஞ்சம் கொஞ்சமாக. 1998இல் போட்ட சட்டம், வேலி தாண்டி உள்ளே வராவிட்டாலும் டெலிஃபோட்டோ மாதிரிக் கருவியால் அந்தரங்கத்தை எடுத்தால் அதுவும் அத்துமீறலே என்றது. ஸ்கார்ப்பியோஸ் தீவில் நடந்தது போன்றவற்றுக்கான பதில் அது. 2009இல் செய்த திருத்தம் வாங்குபவரைத் தொட்டது: சட்ட விரோதமாக எடுத்த படம் என்று தெரிந்தே முதலில் காசு கொடுத்து வாங்கி வெளியிடுபவரும் பொறுப்பு. இதற்குள் தொழிலும் மாறிவிட்டிருந்தது. இருட்டறை போய், காரில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பிலிருந்து சில நிமிடத்தில் ஏஜென்சிக்குப் படம் போகிறது. படங்கள் பெருகப் பெருகத் தனிப் படத்தின் விலை விழுந்தது. விலை விழுந்தால் நிற்பவர் இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டும், இன்னும் வேகமாக ஓட வேண்டும். 2013 புத்தாண்டு நாளில் லாஸ் ஏஞ்சலஸில் பாடகர் ஜஸ்டின் பீபரின் காரைப் படம் எடுத்துவிட்டுச் சாலையைக் கடந்த ஒரு புகைப்படக்காரர் வண்டி மோதி இறந்தார். பீபர் அந்தக் காரில்கூட இல்லை.

அதே 2013இல் நடிகைகள் ஹாலி பெரியும் ஜெனிஃபர் கார்னரும் கலிபோர்னியா சட்டமன்றக் குழு முன் தங்கள் பிள்ளைகளுக்காகச் சாட்சி சொன்னார்கள். பெற்றோரின் தொழிலைக் காரணமாக வைத்துப் பிள்ளைகளைத் தொல்லை செய்தால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் ஆனது. அந்தச் சட்டம் எதைத் தொல்லை என்கிறது என்று வாசித்தால், பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுப்பதற்காகப் பின்தொடர்வதையும் பதுங்கிக் காத்திருப்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அடிக்கணக்கு எதுவும் அதில் இல்லை. கூப்பர் 1972இல் எழுதி, மேல்முறையீட்டில் விழுந்துபோன வரி, 40 ஆண்டு கழித்து, பிள்ளைகளுக்கு மட்டுமாக, இன்னொரு மாநிலத்தில் திரும்பி வந்திருக்கிறது.